சிப் இருக்கு, அதில இருக்கிற போன் நம்பர் ஆற்ற?

போன எபிசோட்டில செல்லப் பிராணிகளுக்கு எண்டு வாற டெக் சாமான்களைப் பற்றிக் கதைச்சம். ஜிபிஎஸ் பட்டி, வீட்டுக் கமரா, நேரத்துக்குச் சாப்பாடு போடுற மெஷின் எல்லாம் வந்து போச்சுது. அதுக்குப் பிறகு கனபேர் எழுதிக் கேட்டது ஒரே கேள்வி: "எங்கட நாய்க்குச் சிப் இருக்கு. அது எங்க நிக்குது எண்டு எந்த ஆப்பில பாக்கலாம்?"

எந்த ஆப்பிலயும் பாக்க ஏலாது. இப்பிடி ஒரு வரியில பதில் சொல்லிப்போட்டு விட எனக்கு மனம் வரேல்லை. "சிப் போட்டாச்சு, இனிப் பயமில்லை" எண்டு இருக்கிற வீடுகளில, நாய் உண்மையாகவே காணாமல் போற அண்டைக்குத்தான் அந்தச் சிப் என்ன செய்யும், என்ன செய்யாது எண்டு தெரிய வருது. இதை இங்கிலாந்துச் சட்டத்தை வைச்சு எழுதுறன். வேற நாட்டில இருந்து வாசிக்கிறவை உங்கட ஊர் விதியை ஒருக்காப் பாருங்கோ. சிப் வேலை செய்யிற விதம் பெரும்பாலும் எல்லா இடமும் ஒண்டுதான்.

சிப்புக்குள்ள என்ன இருக்கு?

கொஞ்சம் பெரிய அரிசிமணி மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய். 12 மில்லிமீற்றர் நீளம், 2 மில்லிமீற்றர் தடிப்பு. அதுக்குள்ள ஒரு செப்புக் கம்பிச் சுருள், ஒரு துண்டுச் சிலிக்கன். பற்றரி இல்லை. ஸ்கானரைப் பிராணியின்ர தோள்பட்டைக்குச் சில சென்ரிமீற்றர் கிட்டக் கொண்டுபோனால், அதில இருந்து வாற 134.2 கிலோஹேர்ட்ஸ் அலையே அந்தச் சுருளுக்கு மின்சாரம் குடுக்கும். சிப் உடனே தன்ர 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஸ்ரேசன் வாசலில ஒயிஸ்ரர் காட்டைத் தட்டும்போது நடக்கிறதும் கிட்டத்தட்ட இதே வேலைதான், அலைவரிசை மட்டும் வேற.

அந்த 15 இலக்கத்துக்குள்ள உங்கட பேர் இல்லை, விலாசம் இல்லை, போன் நம்பர் இல்லை. அதெல்லாம் இருக்கிறது எங்கேயோ ஒரு டேட்டாபேஸில. அதுவும் ஒரே டேட்டாபேஸ் எண்டு நினைக்காதேங்கோ. இங்கிலாந்தில அரசாங்கத்தின்ர நிபந்தனைகளுக்குள்ள நடக்கிற தனியார் டேட்டாபேஸ்கள் இருபதுக்கு மேல இருக்கு. உங்கட நாய் எதில பதிவாகி இருக்கு எண்டது, குட்டியாக இருந்தபோது சிப் போட்ட ஆள் எதைத் தெரிஞ்செடுத்தார் எண்டதைப் பொறுத்தது. எண்ணை இணையத்தில இருக்கிற சிப் தேடல் பக்கம் ஒண்டில போட்டால் எந்த டேட்டாபேஸ் எண்டு மட்டும் காட்டும். அதுக்குள்ள ஆற்ற நம்பர் பதிஞ்சிருக்கு எண்டு பாக்க, நீங்கள் அங்க கணக்குத் திறந்து உள்ள போகவேணும்.

இந்த இடத்திலதான் எங்கட ஆக்களுக்குப் பிரச்சினை வாறது. குட்டியை வித்தவரின்ர நம்பர் மாறாமல் அப்பிடியே கிடக்கும். இல்லாட்டி நீங்கள் யூனிக்குப் போகேக்க வைச்சிருந்த பழைய சிம்மின்ர நம்பர் இருக்கும். வீடு ஈஸ்ட் ஹாமில இருந்து ஹரோவுக்கு மாறி ஐஞ்சு வருசமாகி இருக்கும், பதிவு இன்னும் ஈஸ்ட் ஹாமிலயே இருக்கும். சிப் பழுதாகிறது மிக அரிது. பழசாகிறது பதிவுதான்.

சட்டமும் அதைத்தான் பாக்குது. இங்கிலாந்தில 2016 ஏப்ரல் 6 தொடக்கம், எட்டுக் கிழமைக்கு மேற்பட்ட எல்லா நாய்க்கும் சிப் கட்டாயம். பூனைக்கு 2024 ஜூன் 10 தொடக்கம், 20 கிழமை வயதுக்கு முதல் போட்டிருக்க வேணும். உள்ள சிப் இருந்தும் பதிவில இருக்கிற விபரம் பிழையாக இருந்தால், சட்டத்தின் கண்ணில அது சரியாகச் சிப் போட்ட பிராணி இல்லை. திருத்தச் சொல்லி 21 நாள் தவணை தருவினம். அதுக்குள்ளயும் செய்யாட்டி 500 பவுண் வரைக்கும் தண்டம் வரலாம். நாய் கை மாறினால், விபரத்தை மாத்துற பொறுப்பு புதுசாக வாங்கினவருக்கு. "வித்தவர் செய்திருப்பார்தானே" எண்டு இருக்க ஏலாது.

இதில உயிரே போன கதையும் இருக்கு. 2017இல டக் எண்ட ஒரு மீட்பு நாய், 16 மாதம்தான் வயசு, கருணைக் கொலை செய்யப்பட்டுது. அதின்ர சிப் பதிவில, நாயைத் திருப்பி எடுக்கத் தயாராக இருந்த மீட்பு அமைப்பின்ர விபரம் இருந்தது. கொண்டு வந்தவர் பதிவில இருந்த ஆள் இல்லை. ஆரும் அந்தப் பதிவைப் பாத்து ஒரு கோல் எடுக்கேல்லை. அதைத் தொடர்ந்து நடந்த இயக்கத்தின்ர பேர் 'டக்கின் சட்டம்'. 2021இல மிருக வைத்தியர்களின்ர தொழில் ஒழுங்கு விதியே மாறினது: சுகமாக இருக்கிற நாயைக் கருணைக் கொலை செய்யிறதுக்கு முதல் சிப்பை ஸ்கான் செய்து பாக்கவேணும். எனக்கு இந்தக் கதையில உறைச்சது இதுதான். சிப் தன்ர வேலைக்குத் தயாராகத்தான் இருந்தது, பதிவும் சரியாக இருந்தது, வாசிக்க ஒரு ஆள் இல்லாமல் போச்சுது.

ஊரில நாய்க்குச் சிப் தேவைப்படேல்லை. முத்தத்தில படுத்திருக்கும், மிச்சச் சோறு தின்னும், கேற் திறந்தால் வெளிக்கிட்டுப் போகும், பொழுதுபட வரும். ஒழுங்கை முழுக்க அது ஆற்ற நாய் எண்டு தெரியும். ஒழுங்கைதான் டேட்டாபேஸ். அம்மம்மா இஞ்ச வந்தும் "அது தானா வரும், விடு" எண்டு சொல்லுறது அந்த அனுபவத்தில. இந்தத் தெருவில பக்கத்து வீட்டுக்காரருக்கே உங்கட பேர் தெரியாது எண்டதைத்தான் அவவுக்குச் சொல்லவேணும்.

அதால கழுத்துப் பட்டியில ஒரு சின்ன உலோகத் தகடு தொங்க விடுங்கோ. இது ஸ்டைலுக்கு இல்லை. 1992ஆம் ஆண்டு விதிப்படி, பொது இடத்தில நிக்கிற நாயின்ர பட்டியில வளர்க்கிறவரின்ர பேரும் விலாசமும் இருக்கவேணும். போன் நம்பரைச் சட்டம் கேக்கேல்லை, ஆனா போடுங்கோ. பார்க்கில நாயைப் பிடிக்கிற ஆளிட்ட ஸ்கானர் இருக்காது, கண் இருக்கும்.

எங்க நிக்குது எண்டு உண்மையாகவே பாக்கவேணும் எண்டால் அது ஜிபிஎஸ் பட்டிதான். அதுக்குச் சிம், மாதக் காசு, சார்ஜ் எல்லாம் வேணும். எயார்ராக் ஜிபிஎஸ் இல்லை. பக்கத்தில போற ஆரோ ஒருத்தரின்ர ஐபோன் அதின்ர புளூடூத்தைக் கேட்டால்தான் இடம் தெரியும். ஒக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டில ஓடின நாய்க்குச் சரி, எப்பிங் காட்டுக்குள்ள ஓடின நாய்க்கு அவ்வளவு சரிவராது. அப்பிள் கொம்பனியே அதைச் சாமான்களுக்கு எண்டுதான் சொல்லுது, பிராணிகளுக்கு எண்டு இல்லை. உள்ள இருக்கிற வட்டப் பற்றரியை நாய் கடிச்சு விழுங்கினால் தொண்டையும் குடலும் வெந்துபோகும்.

பகலில வீட்டில ஆர் நிக்கினம்?

நாய் உங்கட பேரில. இன்சூரன்ஸ் உங்கட பேரில. மிருக வைத்தியரின்ர ஆப் உங்கட போனில. ஆனா பகல் பத்து மணிக்கு, நீங்கள் ஒஃபிசில மீற்றிங்கில இருக்கேக்க, நாயோட வீட்டில நிக்கிறது அம்மாவோ அம்மம்மாவோ. அவசரம் எண்டு ஒண்டு வந்தால் அது அவையின்ர கையிலதான் வரும். ஒரு சிஸ்டத்தில எல்லா விபரமும் ஒரே இடத்தில இருந்தால் அது எவ்வளவு ஆபத்து எண்டு இந்த பொட்காஸ்ட் கேக்கிறவைக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. கனக்க எங்கட வீடுகளில அந்த ஒரே இடம் உங்கட பொக்கெற்.

எங்கட குசினியில இருக்கிற ஆபத்துகளும் ஆங்கிலத் துண்டுப் பிரசுரங்களில இருக்கிற ஒழுங்கில வராது. சொக்லேற் கூடாது எண்டு எல்லாருக்கும் தெரியும். வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை ரண்டின்ர சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும் எண்டது தெரியாது. சமைச்சாலும் அந்த நஞ்சு போகாது, அதால கறிச் சோறும் கணக்குத்தான். அறிகுறி சில நாள் கழிச்சு வாறதால "அண்டைக்குக் குடுத்த சோறு" எண்டு ஒருத்தருக்கும் யோசனை வராது. பாயாசத்துக்குப் போடுற பிளம்ஸ், அதாவது முந்திரிகை வத்தல், நாயின்ர சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எவ்வளவு திண்டால் பாதுகாப்பு எண்டு சொல்லக்கூடிய அளவு இல்லை. கோழியெலும்பு சமைச்ச பிறகு கூராக உடையும்.

இனி, சலரோகம் இருக்கிற வீடு. எங்களில எந்த வீட்டில இல்லை? சீனி இல்லாத சுவிங்கம், இனிப்பு, சிலவேளை பீநட் பட்டர் ஆகியவற்றில சைலிற்றோல் இருக்கலாம். லேபிளில ஈ967 எண்டும் இருக்கும். மனிசருக்குப் பிரச்சினை இல்லை. நாய்க்கு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்துக்குள்ளயே இரத்தத்தில சீனி விழுந்து வலிப்பு வரலாம், ஈரலும் பழுதாகலாம். அப்பாவின்ர கோட் பொக்கெற்றில என்ன கிடக்கு எண்டு பாருங்கோ.

பனடோல் வேற கதை. தலையிடிக்கு, காய்ச்சலுக்கு, மனவருத்தத்துக்குக்கூடப் பனடோல் குடுக்கிற ஆக்கள் நாங்கள். சோர்ந்து கிடக்கிற பூனைக்குப் பாவம் பாத்து ஒரு குளிசையைப் பாதியாக உடைச்சுக் குடுக்கவும் கூடும். பூனையின்ர ஈரலுக்கு அந்த மருந்தைக் கழிக்கிற வழி இல்லை. ஒரு குளிசையே கொல்லலாம். இந்த முழு மெயிலிலயும் வீட்டில ஒரு வரிதான் மொழிபெயர்த்துச் சொல்லுவன் எண்டால், அந்த வரி இதுவாக இருக்கட்டும். பூனை வீட்டுக்கு லில்லிப் பூங்கொத்தும் கொண்டு போகாதேங்கோ. உடம்பில ஒட்டின மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போகும்.

நஞ்சு திண்டிட்டுது எண்டால் வீட்டில உப்புத் தண்ணி குடுத்துச் சத்தி எடுக்க வைக்காதேங்கோ. உப்பே நஞ்சாகும். என்ன திண்டது, எவ்வளவு, எத்தினை மணிக்கு, நாயின்ர நிறை எவ்வளவு, இந்த நாலும் தெரிஞ்சால் போதும், பக்கெற்றையும் கையில எடுத்துக்கொண்டு கோல் எடுக்கலாம். உங்கட மிருக வைத்தியர் இல்லாட்டி 24 மணித்தியாலமும் வேலை செய்யிற அனிமல் பொய்சன்லைன், 01202 509000. அதுக்குக் கட்டணம் இருக்கு. ஆனா சும்மா பயந்து இரவு ஆஸ்பத்திரிக்கு ஓடுறதை விட மலிவு.

நஞ்சு இல்லாமலும் காத்திருக்கக் கூடாத ரண்டு விசயம். ஆண் பூனை மணல் பெட்டியில முக்கி முக்கிச் சலம் வராமல் நிண்டால், அது மலச்சிக்கல் இல்லை, அண்டைக்கே போகவேணும். பெரிய, நெஞ்சு ஆழமான நாய், ஜேர்மன் ஷெப்பர்ட் மாதிரி, வயிறு ஊதி, ஓங்காளிச்சும் ஒண்டும் வராட்டி, அதுக்கு மணித்தியாலக் கணக்குத்தான் இருக்கு.

பிரிட்டனில மிருக வைத்தியர்கள் இரவு பகல் எந்த நேரமும் அவசர முதலுதவியும் வலி குறைக்கிற மருந்தும் கிடைக்க ஏற்பாடு செய்து வைச்சிருக்கவேணும். இரவில அது பெரும்பாலும் வேற இடத்தில, வேற ஆஸ்பத்திரியாக இருக்கும், காசும் பகலை விட நல்லாக் கூட. மிருகங்களுக்கு என்எச்எஸ் இல்லை. வருமானம் குறைஞ்ச வீடுகளுக்கு பிடிஎஸ்ஏ, புளூ க்ரொஸ் போன்ற தொண்டு அமைப்புகள் உதவும். ஆனா தகுதி விதி இருக்கு, அதை முதலே பாத்து வையுங்கோ.

வைத்தியம் செய்ய ஆரோ சம்மதம் சொல்லவேணும். அதால கிளினிக்கில உங்களோட அம்மாவின்ர பேரையும் சேர்த்துப் பதிஞ்சு, "நான் போன் எடுக்காட்டி இவ சொல்லலாம், இவ்வளவு காசு வரைக்கும்" எண்டு எழுத்தில குடுங்கோ. சிப் டேட்டாபேஸிலயும் ரண்டாவது நம்பர் போட இடம் இருந்தால் போடுங்கோ. பிறகு ஒரு தாள், தமிழில, ஃபிரிட்ஜில: பகல் கிளினிக், இரவு ஆஸ்பத்திரி, அதின்ர போஸ்ட்கோட், நாயின்ர நிறை, குடுக்கக்கூடாத சாமான். கார் ஓடுற பக்கத்து வீட்டாரின்ர நம்பரும் வேணும், ஏனெண்டால் எல்லா மினிகாப்பும் நாயை ஏத்தாது. நாய் தூக்கிற கூடை, பட்டி எங்க இருக்கு எண்டு வீட்டில இருக்கிறவைக்குக் காட்டி விடுங்கோ.

ஒரு பக்கக் கதை, பூனை வளர்க்கிறவைக்கு. நாயில காரை அடிச்சால் ஓட்டினவர் நிக்கவேணும், ஆளைக் கண்டுபிடிக்காட்டிப் பொலிசுக்கு அறிவிக்கவேணும் எண்டு 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் சொல்லுது. அந்தப் பட்டியலில மாடு, ஆடு, பன்றி, கழுதை எல்லாம் இருக்கு. பூனை இல்லை.

தீபாவளிக்கு முதல் இதைச் செய்து முடியுங்கோ எண்டு நான் நிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. இங்கிலாந்தில சாதாரண நாளில இரவு 11 மணிக்குப் பிறகு வெடி கொளுத்த ஏலாது. நவம்பர் 5 அண்டு நடுச்சாமம் வரைக்கும், தீபாவளி இரவு ஒரு மணி வரைக்கும் அனுமதி. ரண்டும் கிட்டக் கிட்ட வாற காலத்தில நாய்கள் வேலி பாய்ஞ்சு ஓடுறது வழமை. அண்டைக்குப் பொழுதுபட முதல் நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கோ, பூனைக் கதவைப் பூட்டுங்கோ, விருந்தாளி வந்து போகேக்க வாசல் கதவில ஒரு கண் வையுங்கோ.

ஃபிரிட்ஜில ஒட்டுற தாளை நான் தமிழில, பெரிய எழுத்தில தயார் செய்து வைச்சிருக்கிறன். நம்பர் நிரப்ப இடம் விட்டிருக்கு. வேணுமெண்டால் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கோ, அனுப்பி விடுறன்.