கைக்கெட்டும் கரும்பலகை

பள்ளி என்றதும் நம் கண்முன் நிற்பது ஒரே தோற்றம். உயரத்தில் ஒரு கரும்பலகை. அதன் அருகே ஆசிரியர். அவரை நோக்கி வரிசை வரிசையாகப் பெஞ்சுகள். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதற்கென அமைந்த அறை அது. அறையை அப்படியே வைத்துக்கொண்டு, கற்பிக்கும் முறையை மட்டும் மாற்ற இயலுமா?

ஆந்திரத்தில் மதனப்பள்ளியை அடுத்த ரிஷி வேலிப் பள்ளியினர், சுற்றுப்புறச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காகப் பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படிகள் போல் வரிசைப்படுத்தினர். அவ்வழியில் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டையில் 1995-இல் ‘நலி கலி’ தொடங்கிற்று. மகிழ்ந்து கற்றல் என்பது அக்கன்னடத் தொடரின் கருத்து. சென்னையில் 2003-இல், மாநகராட்சி ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ பிறந்தது. பின்னர் இவ்விரு முறைகளும் தத்தம் மாநிலமெங்கும் பரவின.

முறை மாறியபோது அறையும் மாறிற்று. சென்னைப் பள்ளிகளில் பெஞ்சுகள் அகன்றன. பிள்ளைகள் பாய்மீது குழுக்களாக அமர்ந்தனர். ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் தாழ்வான கரும்பலகை அமைந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம். அட்டைகளைத் தாமே எடுக்க வசதியாக அடுக்குத் தட்டுகள். வரைந்த படங்களைத் தொங்கவிட மேலே கம்பிகள்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. ஊர்த் திருவிழாவுக்கோ இழவுக்கோ போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பும் பிள்ளை, வரிசைப் பெஞ்சில் பின்தங்கிவிடுகிறது. ஏணி முறையிலோ, விட்ட படியிலிருந்தே மீண்டும் ஏறலாம். வீட்டில் தமிழும் வகுப்பில் வேறு மொழியுமாய்த் திகைக்கும் பிள்ளைக்கும், அருகமர்ந்த தோழனே துணையாகிறான்.

“தரையில் உட்காரவா பள்ளிக்கு அனுப்புகிறோம்?” எனச் சிவாஜிநகர்ப் பெற்றோர் சிலர் வினவக்கூடும். பெருங்கட்டணப் பள்ளிகள் பெருமையாய்ச் சொல்லும் மாண்டிசோரி முறையும், 1907-இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலேதான் பிறந்தது அன்றோ? அங்கும் நாற்காலி முதல் அலமாரி வரை யாவும் பிள்ளைகளின் உயரத்திற்கே அமைந்தன.

அறை மட்டும் மாறினால் போதாது என்பதும் உண்மை. அட்டைகள் கிழிந்தும் ஆசிரியர் குறைந்தும் போனால், பாயும் பலகையும் வெறும் பொருள்களே. ஆகவே, பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் அன்பர்கள் கட்டடத்தின் உயரத்தைப் பார்த்து மயங்காமல், கரும்பலகையின் உயரத்தைப் பார்ப்பார்களாக. அதில் எழுதுவது யார் கை என்றும் கேட்பார்களாக. ஓரறை வீடாயினும், சுவரின் அடியில் இரண்டு முழம் கருப்பு வண்ணம் பூசி, ஒரு சுண்ணக்கட்டியும் தர நம்மால் இயலும். அவ்விடத்தைப் பிள்ளைக்கே விட்டுவிடுவோம்.