பர்லியார் பழப்பண்ணை: சுற்றிப் பார்க்கலாம், கன்று வாங்குமுன் யோசிக்கலாம்

கோடை விடுமுறையில் சின்னமனூர் பக்கத்திலிருந்து வேன் பிடித்து ஊட்டி போகும் குடும்பங்கள், மேட்டுப்பாளையம் தாண்டியதும் நேராகக் குன்னூருக்கு ஏறிவிடுகின்றன. பாதி மலையில் இருக்கும் பர்லியார் அரசு தோட்டக்கலைப் பண்ணையை விட்டுவிடுகிறார்கள். விவசாயிக்கு மலர்க்கண்காட்சியை விட இங்கேதான் பார்க்க விஷயம் அதிகம்.

நீலகிரி கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்ந்திருந்த காலத்தில் கலெக்டராக இருந்த ஈ.பி. தாமஸ் என்ற ஆங்கிலேயர், மலாய், ஜாவா பக்கத்து மரங்கள் நம் மலையில் வருமா என்று பார்க்கத் தன் சொந்தப் பொறுப்பில் போட்ட தோட்டம் இது. 1871-ல் அரசு வசம் வந்தது. ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான், துரியன், சீமைப்பலா எல்லாம் ஓடைக்கரை நிழலில் நிற்கின்றன. துரியனைக் குழந்தைப்பேறுக்கு மருந்து என்று சொல்லி அதிக விலைக்கு வாங்குகிறார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. நல்ல பழம், அவ்வளவுதான். மங்குஸ்தான் பழம் கிடைத்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்குள்ள பூப்போன்ற தழும்பில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை.

பார்த்தவர்களுக்கு உடனே கன்று வாங்க ஆசை வரும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

மங்குஸ்தானுக்கு நிழலும் ஈரக்காற்றும் வருடம் முழுக்க வேண்டும். காய்ப்புக்கு வர ஏழு முதல் பத்து வருடம் ஆகும். சின்னமனூர் வயல்வெளி மழை மறைவுப் பகுதி. ஆடி மாதக் காற்றே இளங்கன்றைக் கருக்கிவிடும். திராட்சையை எடுத்துவிட்டு இதை வைப்பது சரிவராது. வீட்டுக் கொல்லையில், மரநிழலில் ஒன்றிரண்டு வைத்துப் பார்க்கலாம்.

ஜாதிக்காய் வேறு கதை. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட தென்னந்தோப்பில் ஊடுபயிராக வரும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியில் செய்கிறார்கள். ஆனால் இதில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதை நாற்று வைத்தால் ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும். அது பூக்கும் வரை, அதாவது ஆறேழு வருடம், எது எதுவென்று தெரியாது. அத்தனை வருடம் தண்ணீரும் எருவும் கொடுத்தபின் பாதி மரத்தை வெட்ட வேண்டி வந்தால் நஷ்டம் யாருக்கு? பெண் மரத்தின் நேர்க்கொம்பிலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றாகக் கேட்டு வாங்குங்கள். பக்கக்கிளை ஒட்டு மேலே எழும்பாமல் படர்ந்து போகும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும்.

கோடையில் பெரியாறு வாய்க்கால் வற்றும்போது கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்பதையும் பார்க்க வேண்டும். நிற்காத தோப்பில் ஜாதிக்காய் வேண்டாம்.

சாலையோரத்தில் கூடையில் விற்கும் கன்றுகளை வாங்காதீர்கள். பண்ணை விற்பனைப் பிரிவிலேயே ரகம், ஒட்டா நாற்றா என்று கேட்டு, ரசீதோடு வாங்குவது நல்லது. மங்குஸ்தான் சீசன் ஜூலைக்குப் பிறகு. ஆனை நடமாட்டம் உள்ள பாதை, பகலிலேயே இறங்கிவிடுங்கள்.