ஆப்ட் சேர்த்து வைக்கும் பழைய மூட்டை

காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் இணையவழியில் கூடுகிறது, பேச்செல்லாம் தமிழில்தான். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரில் இப்படியும் ஒரு கூட்டமா என்று வியக்க வேண்டாம். தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய போஸுக்கு அடித்தளம் டெபியன். ஆகவே அதே டெபியன் வழி வந்த உபுண்டு, மின்ட் பயன்படுத்துவோர் வட்டில் இடம் மீட்கச் செய்யும் துப்புரவு அதற்கும் பொருந்தும்.

'ஆப்ட்-கெட்' கட்டளை மூலம் எந்த மென்பொருளை நிறுவினாலும் அதன் நிறுவல் கோப்பான டெப் முதலில் 'வார்' அடைவுக்குள் உள்ள 'கேஷ்' பகுதியில் இறங்குகிறது. நிறுவிய பிறகும் அங்கேயே கிடக்கிறது. புதுப்பிக்கப் புதுப்பிக்க, ஃபயர்பாக்ஸுக்கே நாலைந்து பழைய பதிப்புகள் சேர்ந்துவிடும். 'கிளீன்' என்றால் அத்தனையும் போகும். 'ஆட்டோகிளீன்' என்றால், களஞ்சியத்தில் இனி கிடைக்காதவை மட்டும் போகும். இரண்டாலும் நிறுவிய மென்பொருளுக்குக் கெடுதல் இல்லை. பின்னால் வந்த 'ஆப்ட்' கட்டளையோ வேலை முடிந்ததும் டெப் கோப்பைத் தானே அழித்துவிடுகிறது.

கவனம் தேவைப்படுவது 'ஆட்டோரிமூவ்' கட்டளைக்கு. ஒரு மென்பொருளை நாம் கேட்டு வாங்குகிறோம். அதற்குத் துணையாகப் பத்து நூலகங்கள் கேட்காமலே வருகின்றன. எது கேட்டது, எது துணைக்கு வந்தது என்று ஆப்ட் குறித்து வைத்திருக்கும். துணைக்கு வந்தவற்றில் இப்போது எதற்கும் துணையாக இல்லாதவற்றை ஆட்டோரிமூவ் நீக்கப் பட்டியலிடும். பழைய கர்னல்களும் அதில் வரும். ஒவ்வொன்றும் சில நூறு எம்பி. 'பூட்' தனிப் பிரிவாகவும் சிறியதாகவும் இருந்தால், இவை நிறைந்து புதுப்பித்தலே பாதியில் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை ஆட்டோரிமூவ் தொடாது.

ஆனால் குனோம் போன்ற பெருந்தொகுப்போடு வந்த ஒன்றை வேண்டாமென்று நீக்கினால், சில நேரம் தொகுப்பின் தலைப் பேக்கேஜும் சேர்ந்து போய்விடும். அடுத்த ஆட்டோரிமூவ் பட்டியலில் டெஸ்க்டாப் முழுக்க வந்து நிற்கும். 'ஒய்' தட்டுமுன் பட்டியலைப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். வேண்டியதை 'ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று குறித்துவிட்டால் அது தப்பும். இதையெல்லாம் விட்டு 'யூஎஸ்ஆர்' அடைவில் கைவைத்து அழிப்பவர்களும் உண்டு. கோர்வைப் புடவையில் கரையை மட்டும் உருவுகிற வேலை அது.

'ரிமூவ்' செய்தாலும் அமைப்புக் கோப்புகள் தங்கும்; அவற்றுக்கு 'பர்ஜ்'. பெரும்பாலும் சில கேபிதான். இடம் போதாமைக்கு அவை காரணமல்ல, விட்டுவிடலாம்.