சீட்டில் எழுதித் தந்த உணவு

மேற்குக் கென்யாவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது எல்டோரெட். விளையாட்டுச் செய்தி படிப்பவர்களுக்கு அது ஓட்டக்காரர்களின் ஊர். மாரத்தான் மன்னன் எலியுட் கிப்சோகே பயிற்சி எடுக்கும் காப்டகாட் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. மருத்துவத் துறையினர் அந்த ஊரை வேறொரு காரணத்துக்காகச் சொல்வார்கள். ஒரு பல்கலைக்கழகம் தன் மருத்துவக் கல்லூரியையும், பெரியாஸ்பத்திரியையும், சுற்றுவட்டாரக் கிராமச் சுகாதார நிலையங்களையும், வெளிநாட்டுக் கூட்டாளிக் கல்லூரிகளையும் ஒன்றாகச் சேர்த்து, இந்த வட்டார மக்களின் உடல்நலத்துக்குத் தானே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்ட இடம் அது. அந்த அமைப்பின் பெயர் ஆம்பாத்.

கதை 1980-களின் கடைசியில் தொடங்குகிறது. அப்போது கென்யாவில் மருத்துவம் படிக்க நைரோபி பல்கலைக்கழகத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. இரண்டாவது மருத்துவக் கல்லூரியை, 1984-இல் பிறந்த மோய் பல்கலைக்கழகம் எல்டோரெட்டில் தொடங்க முடிவுசெய்தது. அதன் முதல் டீன் ஹாரூன் மெங்கெச். அதே சமயத்தில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் சிலர், வளரும் நாடொன்றில் நீண்ட காலம் சேர்ந்து உழைக்க ஒரு கல்லூரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜோ மாம்லின், பாப் ஐன்டர்ஸ், சார்லி கெல்லி, டேவ் வான் ரீக்கன் என்ற நால்வர். இரண்டு தரப்பும் கைகோத்தன.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. இண்டியானா மருத்துவர் ஒருவர் எப்போதும் எல்டோரெட்டிலேயே குடியிருக்க வேண்டும். இரண்டு வாரம் வந்து படம் பிடித்துக்கொண்டு கிளம்பும் முகாம் மருத்துவத்துக்கு அங்கே இடமில்லை. அடுத்தது, அமெரிக்க மாணவர்கள் கென்யாவுக்கு வருவதுபோலவே கென்ய மாணவர்களும் இண்டியானாபொலிஸ் போய்ப் பயில வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் போயிருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது என்பது என் எண்ணம். ஆபத்து வந்த நாளில் அங்கே இருந்தவர்கள் விருந்தாளிகளாக இருக்கவில்லை. ஒருவரை ஒருவர் பத்து வருடம் பார்த்துப் பழகிய சக ஆசிரியர்களாக இருந்தார்கள்.

ஆபத்து எய்ட்ஸ் உருவத்தில் வந்தது. 1990-களின் கடைசியில் எல்டோரெட் ஆஸ்பத்திரியின் பொது வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளிகள் படுத்திருந்தார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் இளவயதினர். மருத்துவர்கள் கேஸ் ஷீட்டில் கூடவரும் தொற்றுகளின் பெயரை எழுதினார்கள், அதற்கு மருந்து கொடுத்தார்கள், மரணத்தைப் பதிவுசெய்தார்கள். எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து உலகில் இருந்தது, 1996-லேயே வந்துவிட்டது. ஒரு நோயாளிக்கு ஒரு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விலை. கென்யக் கிராமத்து விவசாயிக்கு அது இல்லாத மருந்துதான்.

2000-இல் அந்த வார்டில் ஒரு நோயாளியைப் பார்த்து மாம்லின் நின்றுவிட்டார். அது அவர்களுடைய கல்லூரியிலேயே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மாம்லின் அலைந்து பணம் புரட்டி மருந்தை வரவழைத்தார். சாகக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார், நடந்தார், படிப்புக்குத் திரும்பினார். ஒருவருக்கு முடியும் என்று கண்ணால் பார்த்த பிறகு, பக்கத்துக் கட்டிலில் கிடப்பவரை எப்படித் தாண்டிப் போவது? ஆம்பாத் பிறந்தது இந்தக் கேள்வியில்தான்.

அந்தக் காலத்து அறிவாளர்களின் மனநிலையையும் சொல்லியாக வேண்டும். ஏழை நாடுகளில் தடுப்புப் பிரசாரம் போதும், சிகிச்சை கட்டுப்படியாகாது என்பதே அன்று பெரிய இடங்களின் கருத்து. 2001-இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்களில் பலருக்குக் கடிகார நேரம் தெரியாது, நேரம் பார்த்து அவர்களால் மாத்திரை சாப்பிட முடியாது என்ற பொருள்படப் பேசினார். அதே ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, அதே கூட்டு மருந்தை வருடத்துக்கு 350 டாலருக்கு, அதாவது நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக அறிவித்தார். விலை என்ற சுவர் விரிசல் விட்டது.

2001 இறுதியில் ஆம்பாத் இரண்டு இடங்களில் சிகிச்சையைத் தொடங்கியது. ஒன்று பெரியாஸ்பத்திரியில். இன்னொன்று நந்தி மாவட்டத்தின் மொசோரியோட் கிராமத்துச் சுகாதார நிலையத்தில். நகரத்தில் நன்றாக நடத்திக் காட்டிவிட்டுக் கிராமத்துக்குப் போகலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே கிராமமும் கணக்கில் இருந்தது.

மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் சிலருக்கு எடை ஏறவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை. மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தவரால் நிலத்தில் இறங்க முடியாது. மாட்டை விற்றாயிற்று. சிகிச்சை தொடங்கி உடம்பு தேறும்போது பசி அகோரமாக எடுக்கும். சாப்பிட எதுவும் இருக்காது. வெறும் வயிற்றில் அந்த மாத்திரைகள் குடலைப் புரட்டும். அப்புறம் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

எனவே பல்கலைக்கழகம் விவசாயத்தில் இறங்கியது. ஒரு பெண்கள் பள்ளி தன் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தது. காய்கறி போட்டார்கள், கோழி வளர்த்தார்கள், பால் கறந்தார்கள். பிறகு பண்ணைகள் பெருகின. உலக உணவுத் திட்டமும் சேர்ந்துகொண்டு மக்காச்சோளமும் பயறும் எண்ணெயும் கொடுத்தது. நம் ஊர்க் களி மாதிரி அங்கே உகாலி; மக்காச்சோள மாவு இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு கிடையாது.

இது நடந்த முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நோயாளி மருத்துவரைப் பார்த்த பிறகு ஊட்டச்சத்து அலுவலரிடம் போவார். அவர் எடை, கையின் சுற்றளவு, வீட்டில் எத்தனை பேர், எத்தனை வேளை சமைக்கிறார்கள் என்று கேட்டு, மருந்துக்குச் சீட்டு எழுதுவதுபோல உணவுக்கும் சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டு நோயாளி ஒருவருக்கு மட்டுமில்லை, அவர் வீட்டில் அண்டியிருக்கும் எல்லோருக்கும். தனக்கு மட்டும் கிடைத்த முட்டையை எந்தத் தாய் குழந்தைக்குக் கொடுக்காமல் சாப்பிடுவாள்? இதைத் தெரிந்து வகுத்த விதி அது. பெரும்பாலும் ஆறு மாதம் கிடைக்கும். அதற்குள் நோயாளி எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்பது கணக்கு. உடம்பு தேறியவர்களுக்குக் கைவினைப் பட்டறை, விவசாயப் பயிற்சி, சிறு சேமிப்புக் குழு என்று அடுத்த படிகள் வைத்தார்கள். கணவன் இறந்ததும் புகுந்த வீட்டார் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு துரத்திய விதவைகளுக்காகச் சட்ட உதவி மையம்கூடத் திறந்தார்கள். மருத்துவக் கல்லூரிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர் ஒரு முறை அந்த வார்டில் ரவுண்ட்ஸ் போய்வந்தால் போதும், கேட்கமாட்டார்.

அடுத்த சங்கதி குறிப்பேடு. மொசோரியோட்டில் 2001-லேயே நோயாளிக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத கிராமத்தில் சூரியசக்தியும் பேட்டரியும் வைத்து நடத்தினார்கள். முன்பெல்லாம் ஒரே நோயாளியின் விவரத்தைப் பதிவு மேசையில் ஒரு பேரேட்டில், ஆய்வுக்கூடத்தில் இன்னொன்றில், மருந்தகத்தில் மற்றொன்றில் என்று திரும்பத் திரும்ப எழுதுவார்கள். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிச் சுகாதாரத் துறைக்கு அறிக்கை அனுப்புவார்கள். கணினி வந்த பின் நடத்திய ஆய்வில், நோயாளிகள் காத்திருக்கும் நேரம் 38 சதவீதம் குறைந்திருந்தது. மொத்தமாக அவர்கள் நிலையத்தில் செலவிடும் நேரம் 22 சதவீதம் குறைந்திருந்தது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஆயுள் முழுக்க மருந்து கொடுக்க வேண்டிய வேலையில், போன மாதம் வராதவர் யார் என்று தெரிவதுதான் பாதிச் சிகிச்சை. பேரேட்டைப் புரட்டி அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்தச் சின்ன மென்பொருளின் அனுபவத்திலிருந்து 2004-இல் ஓப்பன் எம்.ஆர்.எஸ். என்ற திறந்த மூல மென்பொருள் முளைத்தது. பர்க் மாம்லினும் பால் பயோன்டிச்சும் அதன் முன்னோடிகள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே கனியாரி கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் ஏழைகள் ஆஸ்பத்திரிக்காக, இந்தியப் பொறியாளர்கள் அதன் மேல்தான் பாம்னி என்ற ஆஸ்பத்திரி மென்பொருளைக் கட்டினார்கள். சிப்லாவின் மாத்திரைகள் ஆப்பிரிக்காவுக்குப் போயின; கென்யக் கிராமத்தில் கற்ற பாடம் சத்தீஸ்கருக்கு வந்தது. இதற்கெல்லாம் ஒப்பந்த விழாக்கள் நடக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

2007 வாக்கில் இன்னொரு அடி எடுத்துவைத்தார்கள். நோயாளி வரும்வரை காத்திருந்தால், வரும்போது முற்றியிருக்கும். எனவே வீடு வீடாகப் போனார்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் கையடக்கக் கணினியோடு ஒரு வீட்டு முற்றத்தில் நின்று அனுமதி கேட்பார்கள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து முதலில் பேசுவார்கள். யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா, கர்ப்பிணி உண்டா, கொசுவலை இருக்கிறதா? பிறகு, விருப்பமிருந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். பதினைந்து நிமிடத்தில் முடிவு, அங்கேயே, தனியாக. லட்சக்கணக்கானோர் இப்படித் தங்கள் வீட்டிலேயே பரிசோதனை செய்துகொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எத்தனை உயிரைக் குடித்தது என்று நமக்கும் தெரியும்.

2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யாவில் இனக் கலவரம் வெடித்தது. எல்டோரெட் வட்டாரம் அதன் நடுமையம். 2008 புத்தாண்டு நாளில் ஊருக்கு அருகே கியாம்பாவில், மக்கள் தஞ்சம் புகுந்திருந்த தேவாலயத்தையே கொளுத்தினார்கள். நோயாளிகள் சிதறி ஓடினார்கள், ஊழியர்களில் பலரும்தான். கூட்டு மருந்தை நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும் அபாயம் உண்டு. ஆம்பாத் ஊழியர்கள் வானொலியில் அறிவித்தார்கள், அவசரத் தொலைபேசி எண் கொடுத்தார்கள், அகதி முகாம்களுக்கு மாத்திரையோடு தேடிப் போனார்கள். ஒருவருக்கொருவர் எதிரி என்று தெருவில் சொல்லப்பட்ட இனங்களைச் சேர்ந்தவர்கள் ஒரே அணியில் இதைச் செய்தார்கள்.

இந்த இண்டியானா பல்கலைக்கழகம் தன் ஊரிலும் ஒரு ஆஸ்பத்திரிக் கூட்டமைப்பின் பங்காளி. 1997-இல் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளும் மெதடிஸ்ட் ஆஸ்பத்திரியும் இணைந்தன. 2011-இலிருந்து இண்டியானா யுனிவர்சிட்டி ஹெல்த் என்று பெயர். இன்று பல நாடுகளில் ‘ஒருங்கிணைந்த பல்கலைக்கழக மருத்துவ வலையமைப்பு’ என்று விளம்பரம் வரும்போது, பெரும்பாலும் கட்டடங்கள், படுக்கைகள், காப்பீட்டு நிறுவனங்களோடு பேரம் பேசும் பலம் ஆகியவையே பேச்சு. எல்டோரெட்டில் இணைந்தவை வேறு: வார்டும் வயலும், கிராம நிலையத்தின் பேரேடும் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியும். சிகிச்சையே முன்னால் போகும், படிப்பும் ஆராய்ச்சியும் அதன் பின்னால் வரும் என்பதை அவர்கள் கொள்கையாகவே வைத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சியை முன்னால் விட்டிருந்தால் நல்ல கட்டுரைகள் வந்திருக்கும், நோயாளிகள் அதே கட்டிலில் கிடந்திருப்பார்கள். டியூக், பிரவுன், பர்டியூ, டொரான்டோ என்று பிற பல்கலைக்கழகங்கள் சேர்ந்தபோதும் இந்த வரிசை மாறவில்லை.

எச்.ஐ.வி.க்காகக் கட்டிய வண்டியில் மற்ற நோய்களும் ஏறின. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புற்றுநோய், பிரசவம். ஆம்பாத் என்ற சுருக்கப் பெயரின் விரிவையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். அரசு மருந்தகத்தில் ‘ஸ்டாக் இல்லை’ என்று திருப்பி அனுப்பும் கொடுமைக்கு ஒரு வழி கண்டார்கள்: சுகாதார நிலையத்துக்குள்ளேயே ஒரு மாற்று மருந்தகம், குறைந்த விலை, விற்ற பணத்தில் மறுபடி கொள்முதல். எல்டோரெட்டின் முன்மாதிரியைக் கானாவின் தமாலே, மெக்சிகோவின் புவெப்லா, நேபாளத்தின் துலிகேல் ஆகிய ஊர்களிலும் இப்போது முயல்கிறார்கள்.

பலவீனம் பணத்தில் இருந்தது. 2003-இல் அமெரிக்கா அறிவித்த பெப்ஃபார் திட்டம்தான் எச்.ஐ.வி. பணியின் பெரும் பகுதியைத் தாங்கியது. அது எல்டோரெட்டுக்கு வந்த வழி, ஒரு காலத்தில் ஆப்பிரிக்கர்களின் கடிகாரத்தைச் சந்தேகித்த அதே யு.எஸ்.எய்ட். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை ஒரு கையெழுத்தில் நிறுத்திவைத்தது. ஜூலையில் அந்த நிறுவனத்தையே மூடிவிட்டது. முதல் அடி ஆலோசகர்கள், தகவல் பதிவாளர்கள், வராத நோயாளியைத் தேடிப்போகும் களப்பணியாளர்கள் மேல் விழுந்தது. கல்லூரிப் பேராசிரியருக்கு அரசுச் சம்பளம் உண்டு. வீடு வீடாக நடந்தவருக்குத் திட்டப் பணம் மட்டுமே உண்டு. இத்தனை வருட வேலையில் குறை என்று நான் சொல்வது இதைத்தான்: வலையின் மிக நுண்ணிய, மிகத் தேவையான இழைகள் மிகத் தொலைவில் இருந்த கையில் கட்டப்பட்டிருந்தன.

அதே நேரத்தில், சில்வெஸ்டர் கிமாயோ போன்ற கென்ய மருத்துவர்கள் தொடக்கத்திலிருந்தே இதை முன்நின்று நடத்தினார்கள். மோய் கல்லூரியில் படித்தவர்களே இன்று அங்கே பேராசிரியர்கள். 2013-க்குப் பிறகு கென்யாவில் சுகாதாரம் மாவட்ட அரசுகளின் கையில் இருக்கிறது. அந்தக் களப்பணியாளர்களின் பெயர்கள் மாவட்ட அரசின் சம்பளப் பட்டியலில் ஏற வேண்டும். அதற்கான பணத்தை நைரோபி ஒதுக்க வேண்டும்.