கொட்டகையும் பத்திரிகையும் – 7: எருமைக்குப் பரிசு கொடுத்தவர்

போன வாரம் நாடகக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தோம். தகரக் கூரை, மணல் தரை, காஸ் லைட், கால்மிதி ஹார்மோனியம். ராஜபார்ட் நன்றாக இழுத்துப் பாடிவிட்டால் போதும், ஜனங்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்டுச் செத்து விழுந்தவரையும் எழுப்பிப் பாட வைத்துவிடுவார்கள். இந்த வாரம், இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டுப் போய்ப் பத்திரிகையில் எழுதிய ஒருவரைப் பற்றி.

ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' என்றொரு பகுதி வந்துகொண்டிருந்தது. எழுதியவர் பெயர் 'கர்நாடகம்'. அது ரா.கிருஷ்ணமூர்த்தி, அதாவது கல்கி, என்பது வாசகர்களுக்குத் தெரிந்த ரகசியம்தான். அதே விகடனில் மாலியின் கோடுகளில் வித்வான்களின் தொந்தியும் குடுமியும் துள்ளும். மெட்ராஸ் ஒற்றைவாடைக் கொட்டகையை ஆயுளில் மிதிக்காத மஞ்சக்குப்பம் குமாஸ்தாவும் சிதம்பரம் கீழவீதி வாத்தியாரும் விகடனைப் புரட்டியே நாடகம் பார்த்தார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. லண்டனில் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் பத்திரிகையில் ஜே.சி.டிரூவின் 1946 முதல் எழுதிய நாடகப் பக்கத்தையும், வெஸ்ட் எண்டில் டிக்கெட் வாங்காதவர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள்.

சிதம்பரத்துக்காரர்கள் சொந்த விஷயமாகப் படித்திருக்கக்கூடிய விமர்சனம் ஒன்று உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் காலட்சேபமாகி, நாடகமாகி, ஊர் ஊராகப் போன கதை. எந்த ஊர் மேடையானாலும் நந்தன் போய்ச் சேர வேண்டிய இடம் தில்லைதான். 1935-ல் அது 'பக்த நந்தனார்' என்று பேசும் படமாக வந்தது. நந்தனாக கே.பி.சுந்தராம்பாள், வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். கணவர் கிட்டப்பா 1933-ல் மறைந்த பிறகு ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளை அழைத்துவர ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அந்த நாளில் ஒரு லட்சம்! நாடே வாய் பிளந்தது.

கல்கி வாய் பிளக்கவில்லை. படத்தில் நடிப்புக்குப் பரிசு கொடுப்பதென்றால் மரத்துக்கும் எருமைக்கும்தான் கொடுக்க வேண்டும் என்கிற தோரணையில் வெளுத்து வாங்கிவிட்டார். சுந்தராம்பாளின் பாட்டுக்கு உருகிய ரசிகர்களுக்கு இது பொறுத்திருக்காது. எனக்கும் அந்தக் கிண்டல் கொஞ்சம் அதிகப்படி என்றுதான் படுகிறது. ஆண்களோடு சேர்ந்து நடிப்பதில்லை என்றிருந்த ஒரு பெண், தானே ஆண் வேஷம் கட்டி வந்த துணிச்சலுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். ஆனால் ஒரு லட்சத்தைப் பார்த்து மிரளாத பேனா அது என்பதை மறுக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், விகடன் அதிபர் வாசனே 1942-ல் அதே நந்தனாரைப் படமாக எடுத்தார். அதற்குள் கல்கி விகடனை விட்டு விலகிச் சொந்தப் பத்திரிகை தொடங்கியிருந்தார். வாசனின் நந்தனாராக நடித்த தண்டபாணி தேசிகர், பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைவராகச் சிதம்பரத்துக்கே வந்து சேர்ந்தார்!

வெளுத்து வாங்குவது சுலபம். எதிர்க் கட்சிக்காரனைப் பாராட்டுவதுதான் கஷ்டம். கல்கி மூன்று தடவை ஜெயிலுக்குப் போன காங்கிரஸ்காரர், ராஜாஜியின் பக்தர். அண்ணாதுரையோ திராவிடர் கழகம். அண்ணாதுரை எழுதிக் கே.ஆர்.ராமசாமி நடித்த 'ஓர் இரவு' நாடகத்தைப் பார்த்த கல்கி, தமிழ்நாட்டிலும் ஒரு பெர்னாட்ஷா, ஒரு இப்சன் இருக்கிறார் என்று வஞ்சனையில்லாமல் எழுதினார். 'தென்னாட்டு பெர்னாட்ஷா' என்று பிற்காலத்தில் மேடைக்கு மேடை முழங்கிய தம்பிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பட்டத்துக்குப் பின்னால் ஒரு காங்கிரஸ்காரரின் விமர்சனம் நின்றது தெரிந்திருக்கும்?

ஷாவை இழுத்ததிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஷாவே பத்திரிகையில் விமர்சனம் எழுதிப் பிழைத்தவர். 'ஸ்டார்' பத்திரிகையில் சங்கீத விமர்சனத்துக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர், 'கார்னோ டி பாஸெட்டோ', ஒரு ஊதுவாத்தியத்தின் பெயர். 1895 முதல் மூன்று வருஷம் 'சாட்டர்டே ரிவ்யூ'வில் லண்டன் நாடகங்களைக் கிழித்தார்.

'ஓர் இரவு' 1951-ல் ஏ.வி.எம். படமானது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக சினிமா தியேட்டராக மாற, வாரப் பத்திரிகைகளிலும் நாடக விமர்சனம் சுருங்கிச் சினிமா விமர்சனம் பக்கங்களைப் பிடித்துக்கொண்டது. சென்னை சபா நாடகங்களுக்காவது நாலு வரி கிடைத்தது; கடலூரில் நடந்த நாடகத்தைப் பற்றி எழுத ஆள் வரவில்லை. அந்தக் கொட்டகைகளைப் பற்றி இன்று எழுத உட்கார்ந்தால் கைக்கு அகப்படுவது பழைய துண்டு நோட்டீஸ்தான். கடலூர், திருப்பாப்புலியூர், சிதம்பரம் பக்கத்து வாசகர்கள் வீட்டுப் பரணில் நாடக நோட்டீஸ் ஏதும் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் போட்டோ எடுத்தாவது ஆசிரியருக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த வாரம், எம்.ஆர்.ராதாவும் 1954-ஆம் வருஷத்து நாடகச் சட்டமும்.