நகலெடுப்புக்கு இடம் குறிப்பது யார்?

மனித செல் ஒன்று இரண்டாகப் பிரியும் முன், அதன் டிஎன்ஏவில் உள்ள சுமார் 600 கோடி எழுத்துகளையும் நகலெடுத்தாக வேண்டும். அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 8 மணி நேரம். நகலெடுக்கும் புரதக் கூட்டமோ நிமிடத்துக்குச் சுமார் 2,000 எழுத்துகள் என்ற வேகத்தில்தான் நகர்கிறது. முதலாம் குரோமோசோமில் மட்டும் ஏறத்தாழ 25 கோடி எழுத்துகள். அதில் ஒரே இடத்தில் தொடங்கி இருபுறமும் போனால் முடிக்க ஒரு மாதத்துக்கு மேலாகும். ஆகவே செல் பல்லாயிரம் இடங்களில் வேலையைத் தொடங்குகிறது. அந்த இடங்களைத் தீர்மானிப்பது எது?

ஈ.கோலை பாக்டீரியாவில் விடை எளிது. 46 லட்சம் எழுத்துகளில் தொடக்க இடம் ஒன்றே ஒன்று. அதன் எழுத்து வரிசையே அடையாளம். ரொட்டிக்குப் பயன்படும் ஈஸ்ட்டிலும் அப்படி அடையாள வரிசை உண்டு. தவளையிலும் மனிதரிலும் எவ்வளவு தேடியும் பொதுவான வரிசை அகப்படவில்லை.

1995இல் பிரான்ஸைச் சேர்ந்த ஒலிவியே ஹிரியன், மார்செல் மெஷாலி உள்ளிட்டோர் ஆப்பிரிக்க நகத் தவளையின் கருவில் ஒரு துப்பு கண்டார்கள். கருவின் தொடக்க நிலையில் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள் செயல்படுவதில்லை. அப்போது அந்தப் பகுதியில் 9,000 முதல் 12,000 எழுத்துகளுக்கு ஒன்றாக, வரிசை பாராமல் எங்கு வேண்டுமானாலும் நகலெடுப்பு தொடங்கியது. கரு சற்று வளர்ந்து அந்த மரபணுக்கள் செயல்படத் தொடங்கியதும், மரபணுவுக்குள் தொடக்கங்கள் அடங்கின. மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் முன்போலவே தொடர்ந்தன. இத்தனைக்கும் டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

காரணம் என்ன? நகலெடுப்புக்கு முன்பே ஓஆர்சி என்னும் புரதக் கூட்டம் டிஎன்ஏவில் அமர்ந்து, எம்சிஎம் என்னும் புரத வளையங்களை மாட்டிவைக்கிறது; அவை இருக்கும் இடத்தில்தான் நகலெடுப்பு தொடங்க முடியும். மரபணுவைப் படித்து ஆர்என்ஏ உருவாக்கும் பாலிமரேஸ் அவ்வழியே வந்தால், பனி வாரும் ரயில் எஞ்சினைப்போல வளையங்களைத் தள்ளிக்கொண்டே போய்விடும்.

ஆனால் மரபணுவின் இதே செயல்பாடு நகலெடுப்புக்கு உதவவும் செய்கிறது. செயல்படும் மரபணுவின் தலைப்பகுதியில், டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் விலகி, டிஎன்ஏ திறந்து கிடக்கும். ஓஆர்சி அமர அது வாகான இடம். அதனால் செயலில் உள்ள பகுதிகள் முதலில் நகலாகின்றன. டிஎன்ஏவும் புரதங்களும் சேர்ந்த இழையான குரோமாட்டின் இறுகச் சுருண்டிருக்கும் பகுதிகள் கடைசியில்தான். பெண்களின் செல்லில் செயல்படும் எக்ஸ் குரோமோசோமைவிட, முடக்கிவைக்கப்பட்ட அதன் இணை தாமதமாக நகலாவது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. டிஸ்ட்ரோஃபின் என்னும் தசைப் புரதத்தின் மரபணுவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். ஒருமுறை படித்து முடிக்கவே ஏறத்தாழ 16 மணி நேரம். இத்தகைய நீண்ட மரபணுக்களின் உள்ளே தொடக்க இடங்கள் அரிதாகிவிடுவதால், நகலெடுப்பு தடுமாறும்போது குரோமோசோம் முறியக்கூடும். மூன்றாம் குரோமோசோமில் எஃப்எச்ஐடி மரபணு இருக்கும் இடம் இதற்குப் பேர்போனது. வெள்ளை அணு வகையான லிம்போசைட் செல்களில் எளிதில் முறியும் அதே இடம், இணைப்புத் திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் உறுதியாக நிற்கிறது. அங்கே தொடக்க இடங்களின் அமைப்பு வேறு. புற்றுநோய் செல்கள் பலவற்றில் இந்த மரபணு சிதைந்திருப்பதைப் பார்க்கும்போது, டிஎன்ஏவின் எழுத்துகளை மட்டும் அறிந்தால் போதாது, எந்தச் செல் எதைப் படிக்கிறது என்பதையும் அறிய வேண்டும் என்பது தெளிவாகிறது.