பீடத்தில் ஆறு படங்கள்
கிரியா யோக குரு மரபு

பரமஹம்ச யோகானந்தர் நிறுவிய இயக்கத்தின் தியானக் கூடங்களில், பீடத்தின் மேல் ஆறு படங்கள் இருக்கும். கிருஷ்ணர், இயேசு ஆகியோருடன் நான்கு குருமார்கள்.

பாபாஜி: நால்வரில் இவருக்கு மட்டும் புகைப்படம் இல்லை, இருப்பது ஓவியம். 1861இல் இமயமலையில் ராணிகேத் அருகே இவர் லாஹிரி மகாசயருக்குத் தீட்சை அளித்தார் என்கிறது மரபு.

லாஹிரி மகாசயர் (1828–1895): ராணுவப் பொறியியல் துறையில் கணக்கு எழுதியவர், பிள்ளைகுட்டிக்காரர். மூச்சையும் முதுகுத்தண்டையும் மையமாகக் கொண்ட கிரியா யோகப் பயிற்சியைக் காசியில் தம் வீட்டிலிருந்தே இல்லறத்தாருக்கும் கற்பித்தார். சாதி, மதம் பார்க்கவில்லை.

ஸ்ரீ யுக்தேஸ்வர் (1855–1936): லாஹிரியின் சீடர். வங்காளத்தின் செராம்பூரில் ஆசிரமம் நடத்தினார். இந்து சாத்திரங்களையும் பைபிளையும் ஒப்பிட்டு எழுதினார்.

யோகானந்தர் (1893–1952): கோரக்பூரில் பிறந்தவர். 1917இல் வங்காளத்தில் சிறுவர் பள்ளி தொடங்கினார். மறு ஆண்டு அது ராஞ்சிக்கு மாறியது. 1920இல் பாஸ்டன் சமய மாநாட்டுக்குச் சென்றவர் அமெரிக்காவிலேயே தங்கினார். 1925இல் லாஸ் ஏஞ்சலஸில் தலைமையகம் அமைந்தது. 1946இல் வெளியான ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ இம்மரபை உலகறியச் செய்தது.